நான் அழித்த கோப்புறை

எங்கள் பங்கு அலுவலகத்தில் பழைய கணினி ஒன்று உண்டு. திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளின் படிகளும், ஞாயிறு அறிவிப்புகளும், ஆண்டுதோறும் எடுக்கப்படும் திருவிழா நிழற்படங்களும் அதில் அடங்கியிருக்கின்றன. மறைக்கல்வி வகுப்பு முடிந்தபின் மாணவர் சிலர் அதனைச் சிறிது நேரம் பயன்படுத்திக்கொள்ள நான் இசைவளித்திருந்தேன். சென்ற ஆண்டுத் திருவிழாவுக்கு மறுநாள் படங்களை அதில் சேர்க்க முற்பட்டபோது, இடம் போதவில்லை என்று கணினி அறிவித்தது. எது இவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தேடினேன். ‘பஸ்’ என்னும் பெயருடன் ஏறக்குறைய 6 கிகாபைட் அளவுள்ள கோப்புறை ஒன்று அகப்பட்டது. அதனுள் ‘பழநி’, ‘மலை’, ‘பழசு’ என்று மூன்று உட்கோப்புறைகள். அவற்றினுள்ளோ எனக்கு விளங்காத பெயர்களுடன் ஏராளமான கோப்புகள். விளையாட்டுப் பொருள்தானே என்று எண்ணினேன். குப்பைத்தொட்டியில் இட்டால் அங்கும் இடத்தை அடைக்குமே என்று அதற்கும் அனுப்பாமல், ஒரே கட்டளையில் அடியோடு அழித்தேன். அந்த இடத்தில் திருவிழாப் படங்களை ஏற்றினேன். அன்றிரவு நன்றாகவே உறங்கினேன்.

அடுத்த ஞாயிறன்று, 10ஆம் வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவன் கையில் கைபேசியும் இணைப்புக் கம்பியுமாக வந்தான். கணினியைத் திறந்து சற்று நேரம் தேடினான். பின்னர்த் திரும்பி, “ஃபாதர், இங்கே பஸ் என்று ஒரு ஃபோல்டர் இருந்ததே?” என்றான்.

“இடமில்லை தம்பி, எடுத்துவிட்டேன்” என்றேன்.

“பரவாயில்லை, ஃபாதர்” என்று கூறிக் கம்பியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் சினந்து பேசியிருந்தால் நானும் ஏதேனும் அறிவுரை கூறி, அத்துடன் மறந்திருப்பேன். மூன்று ஞாயிறுகள் அவன் அலுவலகத்தின் பக்கமே வரவில்லை. அவனுடைய தாயார்தாம் ஒருநாள் என்னிடம், “சாமி, இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்தானாம். எல்லாம் போய்விட்டதாம். அவனுக்குச் சோறே இறங்கவில்லை” என்று வருந்தினார்.

நான் அழித்தது யாது என்பதை அதன் பின்னரே கேட்டு அறிந்தேன். அழிக்குமுன் கேட்டிருக்க வேண்டும். நம் இல்லங்களில் பெற்றோர் பலரும் இதே காரியத்தை இதே அறியாமையால் செய்துவிடக்கூடும் ஆதலால், அறிந்தவற்றை இங்கே எழுதுகின்றேன்.

‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ என்று கைபேசி ஆட்டம் ஒன்று உள்ளது. இந்தோனேசியாவின் மாலியோ என்னும் நிறுவனம் 2017ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டது. ஆட்டக்காரர் பேருந்து ஓட்டுநராகிப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஊர்விட்டு ஊர் செல்ல வேண்டும், அவ்வளவே. சுடுவதோ வெட்டுவதோ இல்லை. இவ்வாட்டம் நம் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இளைஞரிடையே வேரூன்றியதற்குக் காரணங்கள் உண்டு. நம் நாட்டைப் போலவே இந்தோனேசியாவிலும் வண்டிகள் சாலையின் இடப்புறமாகச் செல்கின்றன. ஓட்டுநர் வலப்புறம் அமர்கின்றார். நம் பிள்ளைகள் கண்டு பழகிய சாலை ஒழுங்கு அதில் அப்படியே அமைந்திருக்கிறது. அதனினும் பெரிய காரணம், அதனைச் செய்தவர்கள் ஆட்டக்காரருக்காக இரண்டு வாயில்களைத் திறந்து வைத்ததாகும். பேருந்தின் மேற்பூச்சினை நாமே வரைந்து ஒட்டலாம் என்பது ஒன்று. முப்பரிமாண வடிவில் முழு வண்டியையே நாம் செய்து உள்ளே நிறுத்தலாம் என்பது மற்றொன்று.

வாயில் திறந்திருந்தால் நம் இளைஞர் சும்மா இருப்பரோ? அரசுப் பேருந்து, தனியார் பேருந்து, நகரப் பேருந்து, சுற்றுலா வண்டி என்று நம் ஊர்ச் சாலைகளில் ஓடுவன யாவற்றையும் செய்து அதில் நிறுத்திவிட்டனர். முகப்பில் ‘பழநி’ என்று பலகை தாங்கிய பேருந்து ஜாவாத் தீவின் சாலையில் ஓடுகின்ற விந்தையை நான் என் கண்ணாலேயே கண்டேன்! இவ்வாறு மூல ஆட்டத்துடன் பிறர் செய்து சேர்க்கும் கோப்புகளை இளைஞர் ‘மோட்’ என்று வழங்குகின்றனர். நாம் மாற்றுக் கோப்பு எனலாம்.

இனி, தொகுதிகள் பற்றிய செய்தி. அந்த மாணவனின் வீட்டில் இருப்பது ஒரே கைபேசி. அதனை அவனும், தம்பியும், சித்தப்பா மகனும் முறைவைத்துப் பயன்படுத்துகின்றனர். அதன் கொள்ளிடமோ சிறிது. எல்லா வண்டிகளையும் ஒருங்கே உள்ளே அடைத்தால் ஆட்டம் திணறும். பட்டியலில் வேண்டிய வண்டியைத் தேடுவதற்குள் முறை முடிந்துவிடும். ஆகவே அவன் வண்டிகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தான். ஒட்டன்சத்திரம் வழியாகப் பழநி செல்லும் சமவெளிப் பேருந்துகள் ஒரு தொகுதி. வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதைச் சிறு பேருந்துகள் மற்றொன்று. இன்று ஓடாத பழைய பேருந்துகள் மூன்றாவது. எது வேண்டுமோ அதனை மட்டும் கைபேசியில் ஆட்டத்துக்குரிய ‘மோட்ஸ்’ கோப்புறைக்குள் வைப்பான். ஏனைய இரண்டும் நம் அலுவலகக் கணினியில் காத்திருக்கும். ஞாயிறுதோறும் கம்பியுடன் அவன் வந்ததன் நோக்கம் இந்த மாற்றமே. நான் கைவைத்தது அவனுடைய கிடங்கில். கைபேசியில் அவ்வாரம் இருந்த பழநித் தொகுதி ஒன்றுதான் எஞ்சியது.

இதனை எளிதாக விளக்க நம் பாஸ்கா நாடகத்தை எடுத்துக்கொள்வோம். நாடக மேடையின் பின்சுவரில் எவரும் அரண்மனையை வரைவதில்லை. படுதாவைத் தொங்கவிடுகின்றோம். அரண்மனைப் படுதாவுக்கு முன் தோட்டப் படுதாவை இறக்கினால் பார்ப்போருக்குத் தோட்டமே தெரியும். அதனைச் சுருட்டினால் அரண்மனை மீண்டும் வரும்; அதனையும் சுருட்டினால் வெறுஞ்சுவர். சுவருக்கு யாதொரு சேதமும் இல்லை. படுதாக்களையும் ஆடைகளையும் நாடகத்துக்கு ஒரு பெட்டியாக வைத்துக்கொள்ளும் குழுவுக்கு, விளக்கணைந்து மீண்டும் எரிவதற்குள் காட்சி மாறிவிடும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் திணித்த குழுவில், ஏரோது மன்னன் இடையனின் கம்பளியுடன் வெளியே வருவான். அத்தகைய காட்சியொன்றை ஓர் ஊரில் நான் பார்த்தும் இருக்கின்றேன்.

மாற்றுக் கோப்புகளைக் கையாளும் கலை முழுவதும் இந்தச் சுவரையும் படுதாவையும் பிரித்தறிவதில்தான் இருக்கிறது. பேருந்து ஆட்டத்தின் வண்டிக் கோப்பு, படுதாவைப் போன்றது. வைத்தால் தோன்றும், எடுத்தால் மறையும், மூல வண்டிகள் அப்படியே நிற்கும். ஆனால் எல்லா மாற்றங்களும் இத்தன்மையன அல்ல. சில ஆண்டுகளுக்கு முன், எதிரே வரும் வண்டிகளையும் ஒலிகளையும் நம்மூர் வகையாக மாற்றுவதற்கு, ஆட்டத்தின் ‘ஓபிபி’ என்னும் பெருங்கோப்பையே எடுத்துவிட்டு வேறொன்றை அதே பெயரில் வைக்கும் வழக்கம் இளைஞரிடையே பரவியிருந்தது. இது சுவரையே இடித்துக் கட்டுவதாகும். மூலக் கோப்பின் படி ஒன்றை முன்னரே வேறிடத்தில் எடுத்து வைத்தவன் பிழைத்தான். வைக்காதவன் ஆட்டத்தை நீக்கிவிட்டு மறுபடி தரவிறக்க வேண்டியவனானான். அன்றியும், அக்கோப்பின் பெயரிலேயே பதிப்பெண் அடங்கியிருப்பதால், புதிய பதிப்பு வந்தவுடன் பழைய மாற்று பயனற்றதாகிவிடும்.

மூலத்தைத் தொடாமல் மேலே படுதா தொங்கவிடும் இம்முறை நம் பிள்ளைகள் கண்டுபிடித்ததன்று. 1993ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் ‘டூம்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. (அது சுட்டுத்தள்ளும் ஆட்டம், அதனை நான் பரிந்துரைக்கவில்லை.) அதன் நிரலாளர் ஜான் கார்மாக், ஆட்டத்தை இயக்கும் நிரலை ஓரிடத்திலும், படங்கள், ஒலிகள், அறைகளின் அமைப்பு ஆகியவற்றை ‘வாட்’ என்னும் தனிக்கோப்பிலும் வைத்தார். வேறொருவர் செய்த சிறிய வாட் கோப்பை, ஆட்டத்தைத் தொடங்கும் கட்டளையிலேயே பெயர் சொல்லி உடனழைக்கலாம். அதில் உள்ளவை மூலத்தில் உள்ளவற்றை மறைத்துக்கொண்டு தோன்றும். மறுமுறை பெயர் சொல்லாமல் தொடங்கினால் பழைய ஆட்டம் பழையபடியே இருக்கும். இவ்வளவு எளிய ஏற்பாட்டிலிருந்துதான் ஒரு பெரும் வழக்கம் தொடங்கியது. ‘ஹாஃப் லைஃப்’ என்னும் ஆட்டத்துக்கு மாற்றாக 1999ஆம் ஆண்டில் இரண்டு இளைஞர்கள் செய்த ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’ உலகெங்கும் பரவி, மூல நிறுவனமே அதனை வாங்கிக்கொண்டதும் இவ்வழக்கத்தின் விளைவே.

அம்மாணவனின் சித்தப்பா மகன் பொறியியல் கல்லூரியில் பயில்கின்றான். இவற்றையெல்லாம் எனக்கு விளக்கியவன் அவனே. தன் மடிக்கணினியில் ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’ என்னும் சரக்குந்து ஆட்டத்தையும் திறந்து காட்டினான். செக் நாட்டின் பிராக் நகரிலுள்ள எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் நிறுவனம் 2012ஆம் ஆண்டில் வெளியிட்டது இது. இதற்கும் நம் நாட்டு லாரிகள், பேருந்துகள், சாலை வரைபடங்கள் ஆகியவற்றைச் செய்து சேர்ப்போர் உளர். இவ்வாட்டத்தில் மாற்றுக் கோப்புகளை மேலாள்வதற்கென்றே ஒரு திரை அமைந்துள்ளது. இடப்பக்கம் கைவசம் உள்ள கோப்புகள். வலப்பக்கம் இப்போது இயங்க வேண்டியவை. வலப்பக்கத்தில் அவை அடுக்கப்படும் வரிசை முக்கியமானது. இரண்டு கோப்புகள் ஒரே பொருளை மாற்ற முயன்றால், மேலே இருப்பதே வெல்லும். இரண்டு சாலை வரைபடங்கள் ஒரே நிலப்பகுதியைத் தொட்டால், முன் படுதா பாதி அகலமே உள்ள மேடையைப் போல, பாதி தோட்டமும் பாதி அரண்மனையுமாகச் சாலை திடீரென்று அறுந்து நிற்கும். “ஆட்டம் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுவார்கள் ஃபாதர். வரிசையை மாற்றினாலே போதும்” என்றான் அவன். ‘அழித்துவிடுவார்கள்’ என்ற சொல்லை அவன் என்னை நோக்கிச் சொல்லவில்லை என்றே நம்புகிறேன்.

இந்த ஆட்டத்தில் நான் மெச்சியது வேறொன்று. ஓட்டுநர் ஒவ்வொருவருக்கும் ‘புரொஃபைல்’ என்று தனிக் கணக்கு உண்டு. எந்தெந்தக் கோப்புகள் எந்த வரிசையில் இயங்க வேண்டும் என்பதை ஒவ்வொரு கணக்கும் தனித்தனியே நினைவில் கொள்கிறது. அண்ணன் கணக்கைத் திறந்தால் அண்ணனின் லாரிகள். தம்பி கணக்கைத் திறந்தால் தம்பியின் பேருந்துகள். ஒரே கணினியைப் பங்கிடும் வீட்டில் சண்டைக்கு இடமில்லை. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்கைரிம்’ போன்ற ஆட்டங்களுக்கு இளைஞர் நூற்றுக்கணக்கான மாற்றுக் கோப்புகளைச் சேர்ப்பதால், ‘மோட் ஆர்கனைசர்’ என்று தனி மென்பொருளே எழுதப்பட்டிருக்கிறது. அதன் செயல் வியக்கத்தக்கது. ஒவ்வொரு மாற்றும் தனக்குரிய கோப்புறையில் தனியே கிடக்கும். ஆட்டத்தை அம்மென்பொருளின் வழியாகத் தொடங்கும்போது மட்டும், அவையெல்லாம் மூலக் கோப்புறைக்குள்ளேயே இருப்பனபோல ஆட்டத்துக்குத் தோற்றமளிக்கும். ஆட்டம் முடிந்தபின் மூலக் கோப்புறையைத் திறந்து பார்த்தால் அங்கே ஒன்றும் இராது. எதனையும் பெயர்க்கவில்லை, படியெடுக்கவில்லை. ஆதலின் எதுவும் தொலைவதும் இல்லை.

தொகுதியை மாற்றுவோர் பெரும்பாலும் மறந்துவிடுவது சேமித்த பயணத்தை. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திச் சேமிக்கும்போது, அப்போது ஓட்டிய வண்டி எது என்பதும் உடன் பதிவாகிறது. தொகுதியை மாற்றிவிட்டுப் பழைய பயணத்தைத் திறந்தால், இல்லாத வண்டியை அது தேடும். சில ஆட்டங்கள் எச்சரிக்கை தந்து வேறு வண்டியைக் கொடுக்கும். சிலவற்றில் பயணமே சிதைந்துவிடும். ஆகையால் சேமித்த பயணத்தையும் அத்தொகுதியின் ஓர் உறுப்பாகவே கருதி, இரண்டையும் ஒன்றாக எடுத்து ஒன்றாக வைக்க வேண்டும். ஆட்டத்தின் பதிப்பு மாறும்போதும் இதே இடர் நேரும். எந்தப் பதிப்புக்கு எந்தக் கோப்பு பொருந்தும் என்பதைக் கோப்பின் பெயரிலோ குறிப்பேட்டிலோ எழுதி வைப்பதே வழி. சரக்குந்து ஆட்டத்தின் நிறுவனம், பழைய பதிப்பிலேயே தங்க விரும்புவோர்க்கு அதனைத் தெரிந்தெடுக்கும் வசதியையும் தந்துள்ளது. கைபேசியில் இத்தகைய வசதி அரிது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. அது கோப்புகளின் எண்ணிக்கையில் இல்லை. அவை வரும் வழியில் இருக்கிறது. பேருந்து ஆட்டத்தின் வண்டிக் கோப்பு ‘பஸ்சிட்வெஹிகிள்’ என்ற சொல்லில் முடியும். அது தானே இயங்கும் செயலியன்று. ஆட்டம் எடுத்துப் படிக்கும் பொருள் மட்டுமே. ஆனால் ‘மோட் ஏபிகே’ என்று வழங்குவது முற்றிலும் வேறானது. கட்டணம் கேட்கும் பகுதிகளை இலவசமாகத் திறந்து தருவதாகச் சொல்லி, எவரோ பிரித்துக் கட்டிய முழுச் செயலி அது. அதனை நிறுவும்போது கைபேசியின் காவலை நாமே தளர்த்துகின்றோம். உள்ளே ஒளிந்திருப்பது யாதென நிறுவியவனுக்கும் தெரியாது. வங்கிக் கணக்கும் அதே கைபேசியில்தானே இருக்கிறது? இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால் நல்ல பிள்ளைகளும் ஏமாறுகின்றனர். பேருந்து வேண்டும் என்று தேடியவனிடம் ‘இதனை நிறுவுக’ என்று ஒரு செயலி வந்து நின்றால், அங்கேயே திரும்பிவிடச் சொல்லுங்கள். பிறர் உழைத்துச் செய்த வண்டியைத் தன் பெயரில் விற்போரும் இவ்வுலகில் உண்டு. அதுவும் திருட்டே என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.

மீண்டும் என் பிழைக்கு வருகிறேன். கணினி ஒரு கோப்பை அழிக்கும்போது, பெரும்பாலும் அதன் முகவரியை மட்டுமே முதலில் நீக்குகிறது. உள்ளடக்கம் வட்டில் சில காலம் கிடக்கும். அழித்த கையோடு கணினியை நிறுத்தியிருந்தால் மீட்டிருக்கலாமாம். நானோ அதன்மேலேயே திருவிழாப் படங்களை எழுதிவிட்டேன். மீட்பு மென்பொருள் கொண்டு கல்லூரி மாணவன் ஒரு மாலைப் பொழுதெல்லாம் முயன்றான். மலைத்தொகுதியில் சில வண்டிகள் மட்டும் கிடைத்தன. மற்ற மலைவண்டிகளை அவற்றைச் செய்தோரிடமிருந்தே மீண்டும் தரவிறக்க முடிந்தது. ‘பழசு’ அறவே போயிற்று.

அந்தப் ‘பழசு’தான் என் நெஞ்சை உறுத்தியது. 1997ஆம் ஆண்டு வரை நம் திண்டுக்கல் பகுதிப் பேருந்துகள் ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம் என்ற பெயருடன் ஓடியதை மூத்த வாசகர்கள் அறிவர். அவ்வாண்டில் அரசு அத்தகைய பெயர்களையெல்லாம் நீக்கிவிட்டது. இன்றைய பிள்ளைகள் அவ்வண்டிகளைப் பார்த்ததில்லை. மாணவனின் தாத்தா அக்கழகத்தில் நடத்துநராகப் பணியாற்றியவர். எந்த நிறம் எந்த உயரத்தில் தொடங்கும், பெயர் எந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கும், படிக்கட்டின் அருகே என்ன இருக்கும் என்று அவர் சொல்லச் சொல்லப் பேரன் வரைந்த மேற்பூச்சுகளே அந்தக் கோப்புறையில் இருந்தன. தரவிறக்கி எடுக்க அவை உலகில் வேறெங்கும் இல்லை.

மன்னிப்புக் கேட்க அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். தாத்தா கட்டிலில் எழுந்து அமர்ந்தார். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. “அதனாலென்ன சாமி, மறுபடியும் சொன்னால் போகிறது” என்றார். பேரன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டான். தொகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்: வண்டியின் பெயர், செய்தவர், பதிப்பெண், இருக்குமிடம். படிகள் இரண்டு, ஒன்று வீட்டில் நினைவுக் குச்சியில், மற்றொன்று மீண்டும் நம் அலுவலகக் கணினியில். கணினியில் உள்ள கோப்புறைக்கு இப்போது ‘பஸ் - அழிக்க வேண்டாம் ஃபாதர்’ என்று பெயர்.

தாத்தா சொல்லத் தொடங்கினார். வண்டியின் பக்கவாட்டுப் பட்டை சன்னலுக்குக் கீழே வரும் என்றார். பேரன் எழுதுகோலை நிறுத்தி, “தாத்தா, முன்பு சன்னலுக்கு மேலே என்றல்லவா சொன்னீர்கள்?” என்று கேட்டான். முதியவர் நெடுநேரம் யோசித்தார். பழநி வண்டியில் ஒருவகை, நத்தம் வண்டியில் ஒருவகையாக இருந்திருக்கலாம் என்றார். பின்னர், தாம் முதலில் சேர்ந்தபோது ஒன்றும் பிற்பாடு வேறொன்றுமாக இருந்திருக்கலாம் என்றார். தீர்த்துச் சொல்ல வீட்டில் ஒரு நிழற்படமும் இல்லை. மாணவன் இரண்டையும் வரைந்தான். ‘பழசு 1’, ‘பழசு 2’ என்று இரண்டு தொகுதிகளாக வைத்திருக்கின்றான். சென்ற ஞாயிறு கைபேசியில் இருந்தது இரண்டாவது.